ஆறாவது தழை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், முனி, காத்துக்கருப்பு, இதிலெல்லாம் எனக்கு ஒரு துளி நம்பிக்கை கிடையாது. கொல்லிமலையில் பதினேழு வருஷம் கிராம சுகாதார நர்சாக இருந்தவள் நான். காத்து அடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தே சாயங்காலத்துக்குள் எழுந்து ஓட வைத்திருக்கிறேன். முனி பிடித்து உளறுகிறார் என்று சொன்ன ஆளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் டைபாய்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடவுள் மேலே இருக்கிறார், கீழே இருக்கிற வேலையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரிப்பேன். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது ராத்திரியில் நடந்தது இல்லை, பட்டப்பகலில் நடந்தது, நான் தூக்கக் கலக்கத்திலும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு பெரிய பெருமை இருந்தது. என் போன். சிரிக்காதீர்கள். போனில் இருந்த நம்பர்களைச் சொல்கிறேன். வட்டார டாக்டர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், ரோடு ஆபீஸில் இருக்கிறவர், சேந்தமங்கலத்தில் ஜேசிபி வைத்திருக்கிறவர், கட்சியில் பெரிய ஆள் ஒருவர், அந்தப் பெரிய ஆளுக்குப் போன் எடுக்கிறவர், எல்லார் நம்பரும் என்னிடம் இருந்தது. எல்லாரும் என் பெயரைச் சொன்னால் எடுப்பார்கள். நர்சம்மா போன் போட்டா மலையே எறங்கி வரும் என்று நான் வேலை பார்த்த பைல் நாட்டுக் கிராமங்களில் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், மலை நிஜமாகவே இறங்கி வந்தது. ரோட்டின் மேல்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பெரியண்ணன் என்னிடம் வந்தான். மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி சத்யாவுக்கு அது தலைப்பிரசவம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது, என்னைப் பார்த்தாலே எதற்காவது சிரிப்பாள்.

"ஏனுங்க நர்சம்மா, மழ புடிக்கறதுக்கு முன்னாடி சத்யாவக் கீழ காரவள்ளில அவ சித்தி ஊட்டுல கொண்டுபோயி உட்டுரலாமுங்களா? எங்க பக்கம் அப்பிடித்தானுங்க பழக்கம்" என்றான்.

"எதுக்கு பெரியண்ணா? அதெல்லாம் ரோடு இல்லாத காலத்துல. நான் இருக்கேன், போன் இருக்கு. வலி எடுத்தா ஒரு போன், வண்டி வாசல்ல நிக்கும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை. அதுதான் என் கஷ்டமே.

மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை எட்டு மணி இருக்கும், பெரியண்ணன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். சத்யாவுக்கு விடியற்காலையிலிருந்து தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறாள் என்றான். தலைவலி, கண் மங்கல், இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் ஊதிப்போயிருக்கிறது, காலை அழுத்தினால் குழி விழுகிறது, பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டி நிற்கிறது. வலிப்பு வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தால்தான் இரண்டு உயிரும் தங்கும், அதற்கு நாமக்கல் போயாக வேண்டும்.

டாக்டருக்குப் போன் போட்டேன். வலிப்பு வராமலிருக்க என்ன ஊசி, எவ்வளவு என்று சொன்னார். போட்டேன். "உடனே கீழ அனுப்புங்க சிஸ்டர், இந்த ஊசியை மட்டும் நம்பி உக்காராதீங்க" என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மலை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடக்கிறது, மேலே ஏற வழியில்லை என்றார் டிரைவர். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிற பக்கத்திலும் மரம் சாய்ந்து கிடந்தது.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ரோடு ஆபீஸில் ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். ஜேசிபிக்காரர் வேறொரு வளைவில் நிற்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். பெரிய ஆளுக்குப் போன் எடுக்கிறவர், ஐயாவிடம் சொல்லிவிட்டேன், ஐயா பேசிவிட்டார், அரை மணி நேரத்தில் வழி கிடைத்துவிடும் என்றார். அரை மணி கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அரை மணி. யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைக்கு மலை முழுவதும் அந்தக் கதிதான். நான் மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனா என்ன.

இதற்கிடையில் பெரியண்ணன் இரண்டு தடவை வந்து பக்கத்தில் நின்றான். இரண்டாவது தடவை மெதுவாக, "தழ வெச்சுட்டுப் பழைய வழில எறங்கிரலாமுங்களா?" என்றான். பழைய வழி என்பது ரோடு வருவதற்கு முன் காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒற்றையடிப் பாதை. மழையில் அது பாதையே இல்லை, ஓடை. "பைத்தியமா உனக்கு? தூக்கிட்டுப் போறப்ப நீங்க வழுக்கினா ரெண்டு உயிருக்கும் யார் பதில் சொல்றது? இரு, வண்டி வரும்" என்று கத்திவிட்டேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும்தான் என்னிடம் சாக்குச் சொல்லவில்லை. "நான் காரவள்ளி அடிவாரத்துல, பழைய வழி முடியற எடத்துல நிக்கறேன் சிஸ்டர். எத்தன நேரமானாலும் நிக்கறேன்" என்றார். அதைச் சொல்லி முடிக்கவும் டவர் போய்விட்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் போன், அது வெறும் டப்பா. அப்போதுதான் பார்க்கிறேன், பெரியண்ணனின் அண்ணன் வெள்ளையன் ஒரு மூங்கிலை வெட்டிக் கணு செதுக்கிக்கொண்டிருக்கிறான், பக்கத்து வீட்டு அரப்பளி கம்பளியை முறுக்கித் தூளி கட்டுகிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் போனோடு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, காலையிலிருந்து யார் யாரையோ கூப்பிட்டேன், உங்களை மட்டும் கூப்பிடவே இல்லை, இனிமேல் என்னால் முடியாது, நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். அதே வார்த்தைதான், நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். பின்னால் இதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பத்தரை மணிக்குக் கிளம்பினோம். தூளியில் சத்யா, மேலே பிளாஸ்டிக் தாள். பெரியண்ணன், வெள்ளையன், அரப்பளி மூன்று பேரும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொங்காடை போட்டிருந்தார்கள், மழைக்கு அங்கே அதுதான் குடை. பின்னாலிருந்து பார்த்தால் யார் எவர் என்று தெரியாது. மூங்கிலின் முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர், மூன்றாவது ஆள் இளைப்பாறிக்கொண்டே வருவார், தோள் வலித்தவரை மாற்றிவிடுவார். நான் பையோடு எல்லாருக்கும் முன்னால்.

அரப்பளிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தில் அந்த வழியில் எத்தனையோ பேரைத் தூக்கி இறக்கியவர். கிளம்பும்போது என்னிடம் சொன்னார், "தோளு மாத்தறப்பப் பேசமாட்டோமுங்க. மாத்தறவன் தூக்கறவன் கை மேல கைய வெச்சு 'உடு'ம்பான். தூக்கறவன் திரும்பிப் பாக்காம உட்டுட்டு ஒதுங்கிக்கோணும். திரும்பினா தூளி ஆடிருமுங்க."

பாதை இறங்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. தழைப்பாறை என்பார்கள். அதில் இருக்கிறது தழைசாமி. சிலை கிடையாது, கோயில் கிடையாது, பாறையின் கீழே ஒரு பொந்து, அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு பச்சைத் தழையை ஒடித்து அங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் தழையை எடுத்துப் போட்டுவிட வேண்டும். ரோட்டு வழியாகத் திரும்பி வந்தாலும் போய் எடுக்க வேண்டும். தழை கிடந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம், நாளானால் தேடிப் போவார்கள். இப்போது எல்லாரும் பஸ்ஸில் போவதால் தழை வைக்க ஆளில்லை, பாறை வெறுமனே கிடக்கும்.

அன்றைக்கும் வெறுமனேதான் கிடந்தது. மூன்று பேரும் பக்கத்திலிருந்த உண்ணிச்செடியில் ஆளுக்கொரு தழை ஒடித்து வைத்தார்கள். பெரியண்ணன் சத்யாவுக்காக ஒன்று வைத்தான். நான் வைக்கவில்லை, எனக்கு அது பழக்கமில்லை. அவன் இன்னொன்றை ஒடித்து வைத்து, "உங்களுக்கும் சேத்து வெச்சுட்டனுங்க" என்றான். ஐந்து தழை. என் கண்ணால் பார்த்தேன், ஐந்து.

முதல் முக்கால் மணி நேரம் எப்படியோ இறங்கினோம். அங்கே ஒரு ஓடை குறுக்கே வரும். அதைத் தாண்டும்போதுதான் அரப்பளி வழுக்கினார். நல்ல வேளையாக அப்போது அவர் தோளில் மூங்கில் இல்லை. கணுக்கால் திரும்பிவிட்டது, நான் துணி சுற்றிக் கட்டும்போதே வீங்கிவிட்டது. "நீங்க போங்க சாமி, எனக்காக நிக்காதீங்க. நான் மெதுவா ஊனிக்கிட்டு மேல போயிர்றேன்" என்றார். ஒரு கம்பை ஒடித்துக் கொடுத்துவிட்டு, அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நடந்தோம்.

இனி தூக்க இரண்டே பேர். மாற்றுத் தோள் இல்லை. கீழே இன்னும் ஒன்றரை மணி நேர இறக்கம், அதுவும் செங்குத்து. தூளியை இறக்கி வைத்தால் அந்தச் சரிவில் மறுபடி தூக்க முடியாது என்று அண்ணனும் தம்பியும் சொன்னார்கள். அதனால் நிற்காமல் போவது என்று முடிவு. நான் முன்னால் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை திரும்பாமலே "சத்யா" என்பேன், அவள் "ம்" என்பாள். அதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே வைத்தியம்.

ஓடை தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது. வாய் ஓயாமல் ஜெபம் செய்துகொண்டே நடந்தேன். பின்னால் அவர்கள் மூச்சு வாங்குவது கேட்கும், காலடி கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல், "உடு." அப்புறம் காலடி மாறும். மறுபடி நடை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மேலேயிருந்தே கேட்டுக்கொண்டு வந்த சத்தம்தானே.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்ற ஆள் ஏது? நின்று திரும்பிப் பார்த்தேன். மூட்டத்துக்குள் மூன்று கொங்காடை. முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று, அதற்கும் பின்னால் வெறுந்தோளோடு ஒன்று. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இந்த மனுஷன் வீங்கின காலோடு வந்துவிட்டாரே என்று. "அரப்பளி, சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டீங்களா? கால் போயிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று நன்றாகச் சத்தம் போட்டேன்.

பின்முனையில் தூக்கிக்கொண்டிருந்தவர் ஒரு கையை மட்டும் தூக்கி, நட என்பதுபோல் காட்டினார். நான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

கடைசி இறக்கத்துக்கு முன்னால் ஒரு வழுக்குப் பாறை. சாய்ந்து கிடக்கும், அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பள்ளம். நான் உட்கார்ந்து நகர்ந்தேதான் தாண்டினேன். தாண்டி நிமிர்கிறேன், பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். செத்தோம் என்றே நினைத்தேன். திரும்பினால் பெரியண்ணன் மல்லாக்க விழுந்து கிடக்கிறான், கொங்காடை தனியே கிடக்கிறது, அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் தூளி கீழே விழவில்லை. சரியக்கூட இல்லை. முன்னாலும் பின்னாலும் இரண்டு கொங்காடைகள் அதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறை மேல் நடந்து வந்தன, வீட்டுத் தரையில் நடப்பதுபோல. "சத்யா" என்றேன். "ம்" என்றாள்.

மூட்டம் விலகும் இடம் வந்தபோது முன்னால் வெள்ளையன், பின்னால் பெரியண்ணன். அடிவாரத்தில் டிரைவர் சொன்னபடியே நின்றார். ஸ்ட்ரெச்சரில் மாற்றிப் பிரஷர் பார்த்தேன், ஏறவில்லை, வலிப்பும் வரவில்லை. அப்போதுதான், "அரப்பளி எங்க?" என்று கேட்டேன். கடைசி வளைவு வரை பின்னால் காலடி கேட்டது என்றான் வெள்ளையன். கால் வலி தாங்காமல் எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று கொஞ்ச தூரம் ஏறிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. எங்களுக்கு நிற்க நேரமில்லை. அந்த ஊர்க்காரர் இருவரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு, அழுத அழுகையில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டரம்மா கேட்டார், எப்படி இறக்கினீர்கள் என்று. நான் அண்ணன் தம்பி இருவரையும் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. என் ஊர் ஆட்கள் என்று சொன்னேன், நான் என்னவோ அந்த மலையிலேயே பிறந்தவள் மாதிரி.

மறுநாள் காலையில் டவர் வந்தது. அரப்பளிக்கு என்ன ஆனதோ என்று அவர் வீட்டுக்குப் போன் போட்டோம். அவரே எடுத்தார்.

"எங்க இருக்கீங்க மாமா?" என்றான் பெரியண்ணன்.

"ஊட்டுலதான் கண்ணு இருக்கேன். பொண்ணு எப்பிடி இருக்குது?"

"எப்ப மேல போனீங்க? கீழ வந்தீங்களே!"

"நான் எங்க கீழ வந்தேன்? ஓடைல உட்டுட்டுப் போனீங்கல்ல, அப்பவே ஊனிக்கிட்டு ஏறிட்டேன். ஒரு மணிக்கெல்லாம் ஊடு வந்து சேந்துட்டேன், ஊரே பாத்துச்சு. அது இருக்கட்டும், உங்க பின்னாடி தொணைக்கு வந்தது யாரு? என் தழைய எடுக்கறப்பப் பாத்தேன், ஆறு இருந்துச்சே" என்றார்.

பெரியண்ணன் போனை என்னிடம் நீட்டினான். நான் மறுபடி கேட்டேன். ஆறுதான் என்றார். ஐந்து உண்ணித்தழை, ஆறாவது நொச்சி. ஊரிலிருந்து யாரோ எங்களுக்குத் துணையாக இறங்கிப் போயிருக்கிறார்கள் என்று அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தாராம். அது ஒற்றையடிப் பாதை. அவர் ஏறி வரும்போது இறங்குகிறவர் எதிரில் வந்தாக வேண்டும். எதிரில் யாருமே வரவில்லை. ஊரில் விசாரித்தால் யாரும் போகவில்லை. தவிர அந்தச் சரிவில் எங்கும் நொச்சி கிடையாது. அது கீழே, காரவள்ளி ஓடைக்கரையில் இருப்பது.

அண்ணனையும் தம்பியையும் நான் விடாமல் கேட்டேன், எனக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும். யாரோ தோள் மாற்றினார்கள் என்று இருவருமே சொன்னார்கள். மூன்று தடவை என்றான் ஒருவன், நான்கு இருக்கும் என்றான் மற்றவன். அரப்பளி மாமாதான் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாதே. வெள்ளையன் கடைசியாக ஒன்று சொன்னான். "அந்த மழைல எங்க கையெல்லாம் வெறச்சுப் போயிருந்துச்சுங்க. எங் கை மேல வெச்ச கை மட்டும் சூடா இருந்துச்சுங்க."

நான் ஒரு கணக்குக்காரி மாதிரி இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். காட்டுக்குள் தேன் எடுக்கப் போன எவனாவது இருக்கலாம். பனிமூட்டத்தில் எனக்குக் கண் பிசகியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரியண்ணன் விழுந்தபோது தூளியைப் பிடித்தது யார் என்று யாராவது சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்த நான்காம் நாள் ரோடு திறந்தது, நானும் வெள்ளையனும் மேலே வந்தோம். நேராகத் தழைப்பாறைக்குத்தான் போனோம். அரப்பளி எடுத்தது போக ஐந்து கிடந்தது. எங்கள் இரண்டையும் எடுத்தோம். மீதி மூன்று. சத்யாவுடையதும் பெரியண்ணனுடையதும் வாடிச் சுருண்டுவிட்டன. நொச்சி மட்டும் இப்போதுதான் ஒடித்தது மாதிரி இருந்தது. கிள்ளி முகர்ந்து பார்த்தேன், வாசனை அப்படியே இருந்தது. அரப்பளி நொண்டிக்கொண்டே இரண்டு நாளைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். "ஆளு இன்னும் வரலீங்க" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

பிள்ளை எடை ஏறட்டும் என்று ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் மேலே வந்த அன்றைக்கே, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் பாறைக்குப் போனோம், தழையை எடுக்க வேண்டுமே. பொந்துக்குள் இரண்டு காய்ந்த உண்ணித்தழை இருந்தது. நொச்சி இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட இருந்தது என்று அரப்பளி சத்தியம் செய்தார். யாரும் எடுக்கவில்லை. பெரியண்ணன் பாறையைத் தொட்டுக் கும்பிட்டான், நான் கண்ணை மூடி என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவர்கள் அவர்களுடைய சாமி என்கிறார்கள், நான் என் கர்த்தர் என்கிறேன், அதில் எங்களுக்குள் இன்றுவரை சண்டை வந்ததில்லை. ஜேசிபியும் இல்லை, பெரிய ஆளும் இல்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

என்னை யார் கேட்டாலும் இதைத் தலை நிமிர்ந்து சொல்வேன். என் சர்வீஸில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு பக்கம். கடவுள் வந்து தோள் கொடுத்த தூளிக்கு முன்னால் வழி பார்த்து நடந்தவள் நான். அவரை நன்றாகத் திட்டியவளும் நான்தான், அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். போன மாதம் எனக்குக் கீழே மாற்றல் வந்தது, இப்போது சேந்தமங்கலம் பக்கத்தில் வேலை. மூட்டை முடிச்சோடு பஸ்ஸில்தான் இறங்கினேன். அழுத அழுகையில் பாறைப் பக்கம் போகத் தோன்றவில்லை, தழையும் வைக்கவில்லை. போன வாரம் பெரியண்ணன் போன் செய்தான். அது இது பேசிவிட்டுச் சொன்னான், "நர்சம்மா, தழப்பாறைல ஒரு தழ கெடக்குதுங்க. நீங்க எறங்கின நாள்ல இருந்து கெடக்குது. ஊருல எல்லாத்தையும் கேட்டாச்சு, ஒருத்தரும் வெக்கலீங்க."

"என்ன தழை?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

"நொச்சிங்க. வாடவே இல்லீங்க. நீங்க எப்ப மேல வாரீங்க? பாப்பா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்றான்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். தழை கிடந்தால் ஆள் இன்னும் கீழேதான், என்னோடுதான். நான் மேலே போய்விட்டால் அந்தத் தழை அங்கே இருக்காது.